சம்பந்தி விருந்தில் பரிமாறிய கீரை

பத்து பெரண்டாம்
23.1.2024

மதிப்புக்குரிய சம்பந்தி அம்மா சிசிலியா அவர்களுக்கு, மாப்பிள்ளை பிரான்க்ளினின் தகப்பன் சின்னப்பன் எழுதுவது.

ஞாயிற்றுக்கிழமை பெம்பான் மண்டபத்தில் முந்நூறு பேர் முன்னிலையில், "இந்த அம்மாவோட இனிமே ஒரு வார்த்த பேச மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, இலையைக்கூட மடிக்காமல் எழுந்து வந்தேன். நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன். ஆகவே உங்களோடு பேச மாட்டேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். பதிவுத் தபாலில்தான் அனுப்புகிறேன். கடிதம் வரவில்லை என்று நாளைக்கு யாரும் சொல்ல முடியாது.

நடந்தது உங்களுக்குத் தெரியும். என் மனம் ஆறுவதற்காக மறுபடியும் எழுதுகிறேன். கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டார் வைத்த சம்பந்தி விருந்து. என் ஆட்கள் எல்லாருக்கும் நெய்ச்சோறு, ஆட்டிறைச்சிப் பிரட்டல், கோழி, முட்டை. மாப்பிள்ளையைப் பெற்ற எனக்கு மட்டும் கைப்பிடிச் சோறு, அதைச் சுற்றி முருங்கைக்கீரை, தண்டுக்கீரை, பசலை. இறைச்சி வாளி என் இலையைத் தாண்டிப் போகிறது. ஏன் என்று கேட்டேன். கரண்டியை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, மைக் தேவைப்படாத உங்கள் குரலில் சொன்னீர்கள்: "சம்பந்திக்கு ஈரல்ல கொழுப்பாம் லா. டாக்டரு கீரைதான் சாப்பிடச் சொல்லியிருக்காரு."

அம்மா, நம் ஜனங்களிடம் ஈரல் என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாதா உங்களுக்கு? குடிகாரன் என்று அர்த்தம். நான் எங்கள் மாதாகோயில் பங்கு மதுவிலக்குச் சங்கத்தின் செயலாளர், இன்று நேற்றல்ல, முப்பத்தொரு வருஷமாக. என் அப்பா சம்சு சாராயம் குடித்து, வயிறு ஊதி, கண் மஞ்சளாகிச் செத்ததை ஒன்பது வயதில் பக்கத்தில் இருந்து பார்த்தவன். ஒரு சொட்டு என் உதட்டில் பட்டதில்லை. அப்படிப்பட்ட என்னைப் பற்றி எனக்குப் பின்னால் இருந்த வரிசையில் ஒருவன் சொல்கிறான்: "செயலாளரு ரகசியமா ஊத்தியிருப்பாரு போல." இரண்டு காதாலும் கேட்டேன்.

எனக்கு வேண்டியது இரண்டு. ஒன்று, எழுத்து மூலமாக மன்னிப்பு. இரண்டு, உயிருள்ளவரை என் இலையில் நீங்கள் கீரை வைக்கக் கூடாது. என் வீட்டு விஷயத்தை உங்களுக்குச் சொன்னது உங்கள் மகள் ஜோனிட்டாதான் என்று நினைக்கிறேன். மருமகளாக வந்து மூன்று நாள்தான் ஆகிறது, அதனால் இப்போதைக்கு ஒன்றும் கேட்கவில்லை.

சின்னப்பன்

*

பெம்பான்
29.1.2024

சம்பந்திக்கு,

உங்கள் பதிவுத் தபால் வந்தது. கையில் கீரைக்கட்டும் மண்ணுமாக இருந்தேன். தபால்காரர் கையெழுத்துப் போடச் சொன்னார், பேனா வழுக்கியது. "என்ன ஆச்சி, கோர்ட் கடிதமா?" என்று கேட்டார். ஆமாம், சம்பந்தி கோர்ட் என்றேன்.

மன்னிப்பா? என் குரல் பெரிசு, அதற்கு வேண்டுமானால் மன்னிப்புக் கேட்கிறேன். இருபத்திரண்டு வருஷம் காலைச் சந்தையில் "பசலை, முருங்கை, காங்கோங்" என்று கூவி வளர்ந்த குரல், மண்டபத்துக்கு ஏற்ற மாதிரி குறையவில்லை. கீரைக்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். அந்தக் கீரையை விற்றுத்தான் என் பிள்ளையைப் பட்டதாரி ஆக்கினேன். ஒரு கீரைக்கட்டுக்குள்கூட வாடின இலையை ஒளித்து விற்றதில்லை. அந்த மூன்று வகையையும் அன்றைக்கு விடிவதற்கு முன்னால் நானே பறித்து, நானே ஆய்ந்து, சமையல்காரனை அடுப்புப் பக்கம் அண்ட விடாமல் நானே தாளித்தேன். ஆட்டிறைச்சி ஆள் வைத்துச் சமைத்தது. உங்கள் இலையில் வைத்ததுதான் என் கையால் செய்தது. அதை நீங்கள் தொடவே இல்லை.

இரண்டாவது, கீரை வைக்கக் கூடாது என்கிறீர்கள். சரி. எனக்கும் ரோஷம் உண்டு. இனி உங்கள் இலையில் ஒரு இணுக்குக்கூட வைக்க மாட்டேன், நீங்களாக வாயைத் திறந்து, "சம்பந்தி அம்மா, கீரை போடுங்க" என்று கேட்கிற வரைக்கும். நீங்கள்தான் என்னோடு பேசவே மாட்டீர்களே, ஆகையால் உங்களுக்குக் கவலை இல்லை.

ஆனால் என் மகள் உங்கள் வீட்டில் இருக்கிறாள். கீரை இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது. சனிக்கிழமைதோறும் அவள் இங்கே வரும்போது பச்சை மூடி போட்ட டப்பாவில் சமைத்துக் கொடுத்து அனுப்புவேன். அது அவளுக்கு. வேறு யாராவது தொட்டால் நான் பொறுப்பில்லை.

வீட்டு விஷயத்தை வெளியே சொன்னது யார் என்று தேட வேண்டாம். என் பிள்ளைமேல் மட்டும் பழி போடாதீர்கள். உங்கள் அடுப்படியில் போய்க் கேளுங்கள்.

சிசிலியா

*

பத்து பெரண்டாம்
4.2.2024

சம்பந்தி அம்மாவுக்கு,

அடுப்படியில் கேட்டேன். அன்னம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவே இல்லை. "நாந்தான் சொன்னேன். வேற யாருகிட்ட சொல்ல? ஒங்க சங்கத்துலயா?" என்றாள். முப்பத்துநான்கு வருஷம் என் பெண்டாட்டி. ஜோனிட்டாவைச் சந்தேகப்பட்டது தவறு, அதை ஒப்புக்கொள்கிறேன்.

மற்றபடி என் நிலை மாறவில்லை. உங்கள் டப்பாவைக் கழுவி அனுப்பியிருக்கிறேன். வெறும் டப்பாவாக.

சின்னப்பன்

*

பெம்பான்
11.2.2024

சம்பந்திக்கு,

சோறு குழம்பு வந்த பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று தெரியாதவரா நீங்கள்? ஒரு பிடி அரிசி, ஒரு துண்டு வெல்லம், ஒன்றுமில்லாவிட்டால் நாலு பச்சைமிளகாய் போட்டுத்தான் நம் ஆட்கள் கொடுப்பார்கள். தெரிந்தேதான் காலியாக அனுப்பினீர்கள். மூடியைத் திறந்ததும் நல்ல கோபம் வந்தது. சந்தையில் இரண்டு பேரோடு சண்டை போட்டேன், பாவம் அவர்கள்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து யோசித்தேன். உங்களுக்கு ஒரு விஷயம் சொல்லவில்லை. சொன்னால் இரக்கம் கேட்கிற மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன். இப்போது எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரரும் குடிக்காதவர்தான். லாரி ஓட்டினார். நாற்பது வயதில் சர்க்கரை வந்தது. பிறகு ஒருநாள் டாக்டர் ஈரலில் கொழுப்பு என்று சொல்லி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார். அந்தக் கடிதத்தை மடித்து லாரியில் வெயில்தடுப்புப் பலகைக்குப் பின்னால் செருகினார். "ஈரல்னு தெரிஞ்சா குடிக்கிறேன்னு சொல்வானுங்க. யாருகிட்டயும் சொல்லாதே" என்றார். நானும் சொல்லவில்லை. ஆறு வருஷம் சொல்லவில்லை. அவரும் போகவில்லை. கடைசியில் ஈரல் சுருங்கி, கால் வீங்கி, ரத்தமாக வாந்தி எடுத்துப் போய்ச் சேர்ந்தார். அடக்கத்துக்கு வந்தவர்கள் என்ன பேசினார்கள் தெரியுமா? ஒளிச்சு வெச்சுக் குடிச்சிருக்கான் என்றுதான். எந்தப் பேச்சுக்குப் பயந்து உயிரை விட்டாரோ, அந்தப் பேச்சு அவருடைய பெட்டிக்குப் பக்கத்திலேயே நடந்தது.

அதனால்தான், அன்னம்மா போனில் அழுதுகொண்டே "யாருகிட்டயும் சொல்லக் கூடாதுங்கிறாரு" என்று சொன்னதும் எனக்கு அவர் குரலே கேட்டது. மறுபடியும் அதே வார்த்தை. சத்தம் போட்டே சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். இடம் தப்பு, நேரம் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். சொன்னது தப்பில்லை.

டப்பா சனிக்கிழமை மறுபடியும் வரும்.

சிசிலியா

*

பத்து பெரண்டாம்
2.4.2024

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஏழு வாரம் ஆகிவிட்டது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். உங்கள் வீட்டுக்காரரைப் பற்றி நான் என்ன எழுதினாலும் சின்னதாகத் தெரிந்தது. அடக்கத்துக்கு வந்து பேசியவர்களில் எங்கள் சங்கத்து ஆட்களும் இருந்திருப்பார்கள். அதற்கு நான் தலைகுனிகிறேன்.

சரி, என் கதை. ஆஸ்பத்திரியில் ஈரலை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். கொழுப்பு மட்டும் அல்ல, ஈரல் விறைக்கத் தொடங்கியிருக்கிறது, தழும்பு விழ ஆரம்பித்திருக்கிறது என்றார் டாக்டர். விறைப்பு எண் ஒன்பதரை, ஆறுக்குள் இருக்க வேண்டுமாம். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ஒன்பது புள்ளி ஆறு. இப்படியே போனால் எங்கே போய் நிற்கும் என்று கேட்டேன். அவர் சொன்னது நீங்கள் எழுதிய அதே கால் வீக்கம், அதே ரத்தம். எனக்கு என் அப்பாவின் வயிறு கண்முன் வந்தது. குடித்தவருக்கும் குடிக்காதவனுக்கும் ஒரே முடிவா என்று டாக்டர் முன்னாலேயே அழுதுவிட்டேன். அன்னம்மாவுக்குத் தெரியாது.

பிறகு உணவு ஆலோசகரிடம் அனுப்பினார்கள். திலகவதி என்று ஒரு தமிழ்ப் பெண். என்ன குடிப்பீர்கள் என்று கேட்டாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, "மதுபானம் கெடையாதுமா. தே தாரிக் மட்டும்தான். ஒரு நாளைக்கு அஞ்சு" என்றேன். அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். முப்பத்தொரு வருஷமாகச் சங்கக் கூட்டம் முடிந்ததும் எல்லாருக்கும் கிளாஸ் கிளாஸாக இனிப்புக் கட்டிப்பால் கலந்த தே தாரிக் டீ ஊற்றிக் கொடுத்து, "இதக் குடிங்க, அதத் தொடாதீங்க" என்று சொன்னவன் நான்தான். எத்தனை பேருக்கு என் கையால் சர்க்கரை கொடுத்தேனோ தெரியாது.

அவள் எனக்குக் கற்றுக்கொடுத்த கணக்கு இது. தட்டில் பாதி கீரையும் காய்கறியும். கால் பங்கு சோறு. கால் பங்கு மீனோ கோழியோ. மலாய் மொழியில் 'சுகு சுகு செபாரோ', அதாவது கால், கால், பாதி என்று சொல்லி, சுவரில் இருந்த படத்தைக் காட்டினாள். கீரையில் நார் இருக்கிறது, சர்க்கரையை மெதுவாக ஏறவிடும், வயிறும் நிறையும், அந்த அளவுக்குச் சோறு குறையும், எடை இறங்கினால் ஈரல் கொழுப்பும் இறங்கும் என்றாள்.

இப்போது ஒரு விஷயம். தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பிப்ரவரி நடுவில் தவக்காலம் தொடங்கியதே, அன்றிலிருந்து நான் இறைச்சி தொடவில்லை. இறைச்சி இல்லாதபோது என்ன சாப்பிடுவது? மேசைமேல் உங்கள் பச்சை மூடி டப்பா இருந்தது. சாப்பிட்டேன். உங்கள் பேச்சுக்கு இணங்கி அல்ல, ஆண்டவருக்காகத் தவமாகச் சாப்பிட்டேன் என்பதைத் தெளிவாகக் குறித்துக்கொள்ளவும்.

ஈஸ்டர் முந்தாநாள் முடிந்தது. தவத்தைக் கொஞ்சம் நீட்டித்திருக்கிறேன்.

டப்பாவில் செர்காமில் வாங்கிய உப்பில்லா நெத்திலி வைத்திருக்கிறேன்.

சின்னப்பன்

*

பெம்பான்
5.5.2024

சம்பந்திக்கு,

தவக்காலத்துக்கு நாற்பது நாள் என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். உங்கள் பங்கில் சித்திரை வைகாசி வரைக்கும் நீளும் போலிருக்கிறது. ஜோனிட்டா சொன்னாள், போன சனிக்கிழமை டப்பாவை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "இதுல மணத்தக்காளி கலந்திருக்கு லா" என்று கண்டுபிடித்தீர்களாம். என் மகள் பங்கையும் சேர்த்தா? பாவம், உண்டாகியிருக்கிற பிள்ளை. இனி இரண்டு டப்பா அனுப்புகிறேன்.

நெத்திலி நல்ல சரக்கு. பாசிப்பருப்புப் போட்டு முருங்கைக்கீரையில் சேர்த்தேன், பக்கத்து வீட்டு முனியம்மா வாசம் பிடித்து வந்து தட்டோடு நின்றாள். உங்கள் அன்னம்மா பசலையில் தேங்காய்ப்பால் கெட்டியாக ஊற்றுகிறாள் என்று கேள்விப்பட்டேன். அப்படிச் சமைத்தால் கீரை சாப்பிட்ட பலனில் பாதி போய்விடும். பூண்டு, சின்ன வெங்காயம், சீரகம், அவ்வளவு போதும் என்று சொல்லுங்கள்.

என் கீரைப் பாத்தியைப் பார்த்தால் எனக்கே பெருமையாக இருக்கிறது. ஒன்பது வகை வளர்க்கிறேன், மருந்து அடிப்பதில்லை. சந்தையில் டாக்டர் வீட்டம்மாகூட என்னிடம்தான் வாங்குகிறார். உங்களுக்கு ஒரு ரகசியம். எனக்கும் பத்து வருஷமாகச் சர்க்கரை இருக்கிறது. போன செப்டம்பரில் மாத்திரையை நிறுத்திவிட்டேன். ஒன்பது வகைக் கீரை வீட்டில் இருக்கும்போது எனக்கு எதற்கு மெட்ஃபோர்மின்? எட்டு மாசமாகக் கல்லு மாதிரி இருக்கிறேன். உங்கள் திலகவதியிடம் சொல்லுங்கள், பெம்பானில் ஒருத்தி இருக்கிறாள் என்று.

சிசிலியா

*

பத்து பெரண்டாம்
8.5.2024

சம்பந்தி அம்மா,

திலகவதியிடம் சொன்னேன். இதற்கென்றே பஸ் ஏறிப் போய்ச் சொன்னேன்.

"ஐயோ அங்கிள், கீரை மாத்திரையோட கூடப் போறது. மாத்திரைக்குப் பதிலா போறது இல்ல. மொதல்ல அவங்கள ரத்தம் பாக்கச் சொல்லுங்க, நாளைக்கே" என்றாள். சர்க்கரை ஏறினால் ஆரம்பத்தில் வலிக்காது, ஈரலில் கொழுப்பு சேர்ந்தால் அதுவும் வலிக்காது, கல்லு மாதிரி இருக்கிறேன் என்று சொல்கிறவர்களைத்தான் அவள் அதிகம் பார்க்கிறாளாம்.

நீங்கள் எனக்கு எழுதியது நினைவிருக்கிறதா? கடிதத்தை வெயில்தடுப்புப் பலகைக்குப் பின்னால் செருகிய மனுஷரைப் பற்றி எழுதினீர்களே. உங்கள் மாத்திரைப் பட்டை எந்த டப்பாவில் செருகியிருக்கிறது? அவர் வெட்கத்தால் செய்தார். நீங்கள் பெருமையால் செய்கிறீர்கள். வித்தியாசம் அவ்வளவுதான். எனக்குக் கோபமாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது. வரப்போகிற பேரப்பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு தாத்தா இல்லை.

ஆகவே இது என் தீர்மானம். நீங்கள் ரத்தப் பரிசோதனை செய்து, மாத்திரையைத் தொடங்கி, அதை எழுத்தில் தெரிவிக்கும் வரை உங்கள் கீரையில் ஒரு இலைகூட என் தொண்டையில் இறங்காது. வருகிற டப்பா வந்தபடியே திரும்பும். நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன் என்பது உங்களுக்குத் தெரியும்.

சின்னப்பன்

*

பெம்பான்
9.6.2024

சம்பந்திக்கு,

நாலு சனிக்கிழமை நாலு டப்பா திரும்பி வந்தது. திறந்தால் நான் வைத்த கீரை அப்படியே கறுத்துப் போய்க் கிடந்தது. முதல் தடவை திட்டினேன். இரண்டாவது தடவை ஜோனிட்டாமேல் எரிந்து விழுந்தேன். மூன்றாவது தடவை, அந்த மனுஷர் நிஜமாகவே சாப்பிடாமல் ஈரலைக் கெடுத்துக்கொண்டால் அது என்னால் அல்லவா என்று நினைப்பு வந்தது. நாலாவது டப்பா வந்த பிறகு, திங்கட்கிழமை காலையில் கிளினிக் வாசலில் நின்றேன், சந்தைக்குப் போகவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் காய்ச்சல், கல்யாணம், சாவு என்று எதுவும் இல்லாமல் நான் சந்தைக்குப் போகாத நாள் அதுதான்.

மூன்று மாதச் சர்க்கரை பதினொன்று புள்ளி இரண்டு. உங்களுடையதைவிட அதிகம். நர்ஸ் என்னைப் பார்த்து, "ஆன்ட்டி கீரைக்காரம்மாதானே?" என்று கேட்டாள். எனக்கு வெட்கத்தில் தலை நிமிரவில்லை. ஊருக்கெல்லாம் விற்றேன், எனக்கு மட்டும் தட்டில் மலை மாதிரி சோறு போட்டு அதன்மேல் கீரை வைத்துத் தின்றிருக்கிறேன். பாதித் தட்டு என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோதுகூட, அது நோயாளிக்கு, எனக்கில்லை என்றுதான் நினைத்தேன்.

மாத்திரை தொடங்கிவிட்டேன். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. ஈரலையும் ஸ்கேன் செய்ய எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அதற்கும் போவேன். இதோ எழுத்தில் தெரிவித்துவிட்டேன். இதைப் பதிவுத் தபாலில் அனுப்பவில்லை, டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். மரியாதையாகச் சாப்பிடுங்கள்.

நீங்கள் ஜெயித்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

சிசிலியா

*

பத்து பெரண்டாம்
10.12.2024

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

பேத்தி ஜெனட் நலம். பிறந்து ஐந்து வாரம்தான் ஆகிறது, குரல் இப்போதே உங்கள் குரல். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நீங்களும் நானும் ஒரே பெஞ்சில் ஆறு மணி நேரம் உட்கார்ந்து, அன்னம்மா வழியாகவே பேசிக்கொண்டோம். "தண்ணி வேணுமான்னு அவங்களக் கேளு" என்று நான் சொல்ல, "வேணாம்னு சொல்லு" என்று நீங்கள் சொல்ல, நடுவில் அவள் பட்ட பாட்டை இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.

இப்போது முக்கியச் செய்தி. நேற்று ஸ்கேன் முடிவு வந்தது. விறைப்பு எண் ஒன்பதரையிலிருந்து ஏழுக்கு இறங்கியிருக்கிறது. சர்க்கரை ஏழு புள்ளி ஒன்று. எடை எண்பத்துநாலு கிலோவிலிருந்து எழுபத்தாறு. டாக்டர் இரண்டு தடவை பழைய தாளையும் புதிய தாளையும் வைத்துப் பார்த்தார். முழுக்கக் குணம் என்று சொல்ல மாட்டேன், நல்ல பாதையில் திரும்பியிருக்கிறது, விடாதீர்கள் என்றார். மாத்திரை, நடை, தே தாரிக்கை விட்டது, சோற்றைக் குறைத்தது, கீரை, எல்லாம் சேர்ந்த வேலை என்று திலகவதி சொன்னாள். சோற்றைக் குறைத்த இடத்தை எதைக் கொண்டு நிரப்பினேன் என்று எனக்குத் தெரியும். அதைப் பறித்த கை யாருடையது என்றும் தெரியும். தாளின் நகலை உங்களுக்கு அனுப்புகிறேன். பத்திரமாக வையுங்கள். உங்கள் பெண்ணின் பட்டச் சான்றிதழ் தொங்குகிற சுவரில் மாட்டினாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை.

இன்னொன்று. போன மாதச் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்றேன். தே தாரிக் கிடையாது, வெறும் தேநீர்தான் என்று முன்பே அறிவித்திருந்ததால் எல்லாரும் முகத்தைத் தூக்கிக்கொண்டு இருந்தார்கள். "எனக்கு ஈரல்ல கொழுப்பு. நான் குடிச்சதில்ல. சர்க்கரையும் சோறும் கட்டிப்பாலும் பண்ணுன வேல இது. குடிக்காதவனுக்கும் வரும்" என்றேன். முப்பத்தொரு வருஷப் பேரும் இந்த ஒரு நிமிஷத்தில் போகிறது என்று நினைத்தேன். அப்போது துணைத் தலைவர் அங்கமுத்து எழுந்தார். என்னைக் கேலி செய்யத்தான் எழுந்தார் என்று நினைத்தேன். "எனக்கும் இருக்கு. மூணு வருஷமாச்சு. வீட்டுல மட்டும்தான் தெரியும்" என்றார். அவருக்குப் பின்னால் ஒருவர், அப்புறம் இன்னொருவர். மொத்தம் ஆறு பேர். ஆறு பேரும் ஒரே கூட்டத்தில் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒளித்து வைத்திருந்தோம். எல்லாருமாகச் சேர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போவது என்று முடிவு செய்திருக்கிறோம். அந்தச் சங்கத்துக்கு நான் செய்த காரியங்களில் இதுதான் பெரிது என்று இப்போது நினைக்கிறேன்.

ஜெனட்டின் ஞானஸ்நானம் ஜனவரி 12. விருந்தை அதே பெம்பான் மண்டபத்தில் நீங்களே வைக்க வேண்டும் என்பது என் விருப்பம். அதே ஆட்கள். எனக்கு அதே இடம்.

ஒரு சிக்கல் இருக்கிறது. நான் வாய் திறந்து கேட்காமல் கீரை வைக்க மாட்டேன் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். உங்களோடு பேச மாட்டேன் என்று நான் சொல்லியிருக்கிறேன். இருவருடைய சொல்லுக்கும் பங்கம் வராமல், நான் இலையைத் தொட்டுச் சைகை காட்டினால் போதுமா?

சின்னப்பன்

*

பெம்பான்
16.12.2024

சம்பந்திக்கு,

போதாது.

சிசிலியா

*

பெம்பான்
14.1.2025

அன்புள்ள சம்பந்திக்கு,

இனிமேல் நமக்குக் கடிதம் தேவையில்லை என்று ஜோனிட்டா சொல்கிறாள். தேவைதான். வாயால் சொல்ல முடியாததை எழுதி நமக்குப் பழகிவிட்டது.

முதலில் என் செய்தி. மூன்று மாதச் சர்க்கரை ஏழு புள்ளி எட்டு. ஈரல் ஸ்கேனும் எடுத்தாயிற்று, கொழுப்பு கொஞ்சம் இருக்கிறது, விறைப்பு இல்லை என்றார்கள். உங்கள் தாளைச் சட்டம் போட்டு மாட்டவில்லை. என் தாளையும் அதோடு சேர்த்து, வீட்டுக்காரர் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை விருந்து முடிந்து வாசலில் நின்றபோது கேட்டீர்கள், "ஏன் சம்பந்தி அம்மா, ஒங்களுக்குக் காது கேக்கலியா? மூணு தடவ கத்த வெச்சிட்டீங்களே" என்று. அங்கே சிரித்து மழுப்பிவிட்டேன். இப்போது பதில் எழுதுகிறேன்.

முதல் தடவை நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு, இலையைப் பார்த்தபடி, "சம்பந்தி அம்மா, கீரை" என்றீர்கள். ஒரு வருஷத்துக்குப் பிறகு என்னிடம் பேசின முதல் வார்த்தை. நான் அங்கமுத்து இலைக்குச் சோறு வைக்கப் போய்விட்டேன். இரண்டாவது தடவை கொஞ்சம் சத்தமாக. நான் அன்னம்மாவிடம் அப்பளம் போதுமா என்று விசாரித்தேன். மூன்றாவது தடவை எழுந்தே நின்றுவிட்டீர்கள். வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "சம்பந்தி அம்மா! எனக்கு ஈரல்ல கொழுப்பு இருக்கு லா! இன்னும் ரெண்டு கரண்டி கீரை போடுங்க!" என்றீர்கள். முந்நூறு பேரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். பிறகு சங்கத்து ஆட்களின் வரிசையிலிருந்து, "இங்கயும் கொண்டாங்க" என்று குரல் வந்தது. அப்புறம் பெண்கள் வரிசையிலிருந்து. பெரிய பாத்திரம் இரண்டும் காலியாகி, ஆட்டிறைச்சி மிஞ்சிப்போனது. என் வாழ்க்கையில் நான் இவ்வளவு பெருமையாகக் கரண்டி பிடித்ததில்லை.

என் வீட்டுக்காரர் ஆறு வருஷம் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் செத்தார். ஒரு ஆண்பிள்ளை எழுந்து நின்று, ஊர் முழுக்கக் கேட்க, வெட்கப்படாமல் அதைச் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று எனக்கு எத்தனையோ வருஷமாக ஆசை.

முதல் தடவையே எனக்கு நன்றாகக் கேட்டுவிட்டது, சம்பந்தி.

சிசிலியா